பாப்பா காலில் இருக்கிற நம்பர்

அக்கா,

காலையில் பாப்பா ஷூவைக் கழற்றி வீசிவிட்டாள். "கடிக்குது சித்தி." இடது குதிகாலில் தோல் உரிந்திருந்தது. ஷூவை எடுத்து முகர்ந்தேன். தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசனை, உன் கை வாசனை.

வளைந்த அந்தக் காலுக்கு, நீ வரைந்த பேட்டர்ன் இல்லாமல் யாராலும் ஷூ செய்ய முடியாது. எனக்குத் தைக்கத்தான் தெரியும். பேட்டர்னோ நீ வாங்கிவந்த, நம்பர் பட்டன் வைத்த ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது.

ஆம்பூரில் யாரோ ஷூ கம்பெனி டிசைனைத் திருடிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியதிலிருந்து உனக்கு எதன்மேலும் நம்பிக்கை இல்லை. "பூட்டு கம்ப்யூட்டர்ல இல்லடி, இந்த டப்பாக்குள்ளயே இருக்குது. வேற எதுல மாட்டினாலும் குப்பைதான் தெரியும். தப்பா அழுத்திக்கினே இருந்தா அதுவே எல்லாத்தையும் அழிச்சிடும்" என்றாய்.

"இன்னாக்கா பேஜார் இது! நம்பர் மறந்துட்டா?"

"பாப்பா கால்லதான் இருக்குது" என்று சிரித்தாய். அதற்குமேல் சொல்லாமலே போய்விட்டாய்.

நீ கண்ணை மூடிய பிறகு, பாப்பா பிறந்த தேதியை அழுத்தினேன், சிவப்பு விளக்கு. ஷூ சைஸை அழுத்தினேன், சிவப்பு. இந்த ஷூவுக்கு நீ எடுத்த இரண்டு கால் அளவையும் மில்லிமீட்டரில் அடுத்தடுத்து அழுத்தினேன். சிவப்பு விடாமல் மின்னியது. கடைக்காரரிடம் ஓடினேன். "இன்னும் ஒரு தடவைதாம்மா. அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது" என்றார். டப்பாவை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தவள், அதன்பிறகு தொடவே பயந்தேன்.

இன்று அளவெடுக்க உட்காரவைத்தால் பாப்பா இடது காலை நீட்டுகிறாள்.

"வலது காலைக் குடுடி."

"அம்மா எப்பவும் இதைத்தான் மொதல்ல அளப்பாங்க. இதுக்குத்தான் கோவம் ஜாஸ்தியாம்."

தூக்கிவாரிப் போட்டது. நம் கம்பெனி சாம்பிள் ரூமில் மாதிரிக்கு ஒற்றைக் கால் ஷூதான் செய்வோம், அதுவும் வலது. எந்த அளவைச் சொன்னாலும் எனக்கு வலதுதான் முதலில் வரும்; அன்று அழுத்தியதும் அப்படித்தான். வீட்டில் நீ அதை மாற்றியிருக்கிறாய்!

பீரோவிலிருந்து டப்பாவை எடுத்தேன். தப்பாகிவிட்டால் இந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வேன்? அதே பழைய அளவில் இடதை முதலில் வைத்து அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சித்தி, பச்சை!"

உள்ளே இருப்பது ஒரு ஷூவின் பேட்டர்ன் மட்டுமில்லை அக்கா. அடுத்த சைஸ், அதற்கடுத்தது என்று அவள் பெரியவளாகும்வரை வரைந்து வைத்திருக்கிறாய். இருக்கமாட்டோம் என்று உனக்கு அப்போதே தெரியுமா? என்னிடம்கூடச் சொல்லாமல் தனியாகப் பயந்திருக்கிறாயே, பாவி!

நம்பரை நான் மாற்றவில்லை. ஆனால் எனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்று இப்போது பயம் பிடித்துக்கொண்டது. பாப்பாவை மடியில் இருத்தி, அவள் இடது பாதத்தைத் தொட்டுச் சொன்னேன்: "இங்கேருந்து ஆரம்பிக்கணும்."