இரண்டு மொழி கேட்கும் பிள்ளை

ஜூன் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எல்லாக் குழந்தைகளும் காதைப் பொத்தினார்கள். என் மகள் ஷாலு மட்டும் என் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்று வயதாகப் போகிறது. "அம்மா" என்ற சொல்கூட இன்னும் வாயில் வரவில்லை.

நாத்தனார் விமலகுமாரி வழக்கம்போலச் சிரித்தாள். "வீட்டுல தமிழு, வெளியில மலையாளம். ரெண்டும் கேக்குத பிள்ளை மெல்லத்தான் பேசும், மைனி. எங்க விபின் அப்பிடியாக்கும். இப்போ அவனுக்க வாய மூட முடியுதா?"

இந்தக் கேரள எல்லையோரத்தில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். நானும் நம்பினேன். பிறந்தபோது பார்த்த காது சோதனையிலும் குறையில்லை என்றுதானே சொன்னார்கள்?

ஆனால் இரண்டு மொழி கேட்டால் ஹாரன் கேட்காதா?

ஜூன் 19, வியாழன்

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி. மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, நெற்றியில் வயர் ஒட்டி, காதுக்குள் சத்தம் அனுப்பிப் பார்த்தார்கள். எவ்வளவு கூட்டியும் மூளைக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. பிறந்தபோது பார்த்தது உள்காதை மட்டும், அங்கிருந்து போகும் நரம்பை அல்ல என்றார் ஆடியாலஜிஸ்ட் ஷைலஜா. முதலில் காது மெஷின். பலன் இல்லையென்றால் ஸ்கேன் எடுத்துவிட்டு, காதுக்குள் கருவி வைக்கும் காக்ளியர் இம்பிளாண்ட் ஆபரேஷன் முடியுமா என்று பார்ப்பார்களாம்.

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் ஜெயதாஸ் மகளை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மெஷினைப் பிடுங்கி எறிகிறாள். பின்னால் நின்று பாத்திரத்தைத் தட்டுகிறேன். தட்டிக்கொண்டே இருக்கிறேன். திரும்பு மக்கா. ஒரு தடவை திரும்பு.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஸ்கேனில் இரண்டு பக்கமும் கேட்கும் நரம்பே தெரியவில்லை. இம்பிளாண்ட் அந்த நரம்பைத்தான் தூண்டும். தூண்டுவதற்கு அது இருக்க வேண்டுமே. மூளைத்தண்டில் வைக்கும் கருவியும் உண்டாம் - தலையைத் திறக்க வேண்டும், திறந்தாலும் பேச்சு புரியுமென்று உறுதியில்லை.

"ஷாலு மோளை இனியும் காக்க வைக்காதீங்க, சேச்சி. சைகை மொழி தொடங்குங்க. அவளுக்கு ஒரு மொழி வேணும்" என்றார் ஷைலஜா.

வீட்டுக்கு வந்ததும் ஜெயதாஸ் வெடித்தார். "கைய ஆட்டிக் காட்டதுக்கா பிள்ளை பெத்தேன்? எனக்க பிள்ளை பேசும்! வேற ஆசுபத்திரி உண்டு."

எனக்கும் அப்படிக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரிடம் கத்த?

செப்டம்பர் 17

அம்பூரியில் யாரோ காதில் எண்ணெய் ஊற்றிக் குணமாக்குகிறார்களாம். போகவில்லை. போனால்தான் என்ன என்றும் இருக்கிறது.

டிசம்பர் 13, சனி

இரண்டு மாதமாகப் போகும் சைகை வகுப்பிலிருந்து வந்ததும் ஷாலு எதையோ சொல்லத் தொடங்கினாள். கையும் முகமும் பறக்கின்றன. "தண்ணீர்" புரிந்தது. "பெரிய" புரிந்தது. மற்றதெல்லாம் என்னைத் தாண்டிப் போய்விட்டது. என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

வாசலில் ஜெயதாஸ். "என்ன சொல்லுதா?"

"தெரியல்ல."

"நீதானே கூட்டிட்டுப் போறது? உனக்குமா தெரியல்ல?"

"நான் என்ன செய்யட்டு? அவ படிச்சு முன்னே ஓடுதா. என்னால பிடிக்க முடியல்ல." அழுதுவிட்டேன்.

அவர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "மறுபடி சொல்லு" - கையால் கேட்டார். வகுப்புப் பக்கம் ஒருநாளும் வராத மனிதர், எங்கே பார்த்துக் கற்றாரோ.

ஷாலு முதலிலிருந்து தொடங்கினாள், கொஞ்சம் மெதுவாக. எங்கள் இருவருக்கும் புரியவில்லை.