ஐம்பத்திரண்டு கிலோ மூட்டை

என் செல்லப் பாப்பாவுக்கு,

அப்பா எழுதறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கணும். இங்க எல்லாரும் சௌக்கியம்னு அடுத்த வரி எழுதறதுதான் வழக்கம், பேனா அந்த இடத்துக்கு வந்து நின்னுடுச்சு, அதனால அதைத் தாண்டியே போறேன். போன்ல சொல்லாம எதுக்கு லெட்டர்னு நினைப்பே. நம்ம வீட்டு ரெண்டு ரூம்ல எந்த மூலைல நின்னு பேசினாலும் உங்கம்மாவுக்குக் கேக்கும், வாய்தான் குழறுதே தவிர காது இன்னும் பாம்புக் காது. அவளை உள்ள பயிற்சிக்கு விட்டுட்டு ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சுல உட்கார்ந்து எழுதறேன், முக்கால் மணி நேரம் இருக்கு. எழுத்து கோணலா இருந்தா படி ஏறின கைன்னு நினைச்சுக்கோ.

போன வருஷம் லீவுக்கு வந்தப்ப அந்த ரேஸுக்கு உனக்கு ஜோடியா என் பேரைக் கொடுத்துட்டுப் போனியே, ஓடணும், நடுநடுவுல வண்டி தள்ளணும், கயிறு இழுக்கணும், மூட்டையைத் தோள்ல போட்டு அடிக்கு அடி மண்டி போட்டு நடக்கணும், பந்தைச் சுவத்துல வீசணும்னு எட்டு வேலை சொன்னே, அறுபத்தொரு வயசுல எனக்கு இது தேவையான்னு நான் குதிச்சேன். முப்பது வருஷம் ரொட்டி வேன் ஓட்டி உட்கார்ந்தே தேஞ்சவன் நான். அப்புறம்தான் உறைச்சுது. உங்கம்மாவுக்குப் பக்கவாதத்துல இடது பக்கம் விழுந்ததுலேர்ந்து வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரிக்காக மூணாவது மாடிலேர்ந்து இறக்கி ஏத்தணும், ஐம்பத்து நாலு படி, லிப்ட் பழுதுன்னு மாட்டின அட்டையே இப்ப பழுதாகித் தொங்குது. அதுக்காக உடம்பைத் தேத்துங்கன்னு நேரா சொன்னா அப்பன் எகிறுவான்னு தெரிஞ்சு ரேஸைக் காட்டி ஏமாத்தியிருக்கே. கெட்டிக்காரிதான். உன்மேல எனக்குக் கோபமே இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இனிமே எழுதப் போறதைப் படிச்சுட்டு நீ உன்னையே திட்டிக்குவே.

மணல் மூட்டை தைச்ச கதை உனக்குத் தெரியும். சோபாவுக்குப் போடற கெட்டித் துணி, வெட்டினது நான், மிஷின் மிதிச்சது நான், பக்கத்துல உட்கார்ந்து மிரட்டினது அவ. அவளோட தையல் கடையில இருபது வருஷம் வேலை பார்த்த பொண்ணுங்ககிட்ட சொன்ன அதே வார்த்தை, தையல் ஒரு நூல் விலகினாலும் "செல்லாது". மூணு தரம் பிரிக்க வச்சா. பேர்கூட நாக்குல தட்டுப்படாத நேரத்துல இந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படித்தான் அப்படித் தெளிவா வந்துச்சோ, அதைக் கேக்கறதுக்காகவே நான் வேணும்னு கோணலா தைச்சிருக்கேன். பிறகு பயிற்சிக்கும் அவளே நடுவர். கார் நிறுத்தற இடத்துல பழைய டயரைக் கயிறு கட்டி இழுக்கறப்ப ஜன்னல்லேர்ந்து பார்ப்பா, ரெண்டு கையிலயும் தண்ணி கேன் தூக்கி நடக்கறப்ப பார்ப்பா, மூட்டையோட நடக்கறப்ப முட்டி தரையைத் தொடலன்னா செல்லாது, திரும்ப முதல்லேர்ந்து. ஸ்கூல் பை மாதிரி ரெண்டு பட்டை வச்சு அவளை முதுகுல மாட்டிக்கற பெல்ட்டும் அவ சொல்லிக் கொடுத்து நான் தைச்சதுதான். முதுகுல இருந்துகிட்டே வலது கையால போனைப் பிடிச்சு என் நேரத்தைப் பார்ப்பா. மேல வந்ததும் கடையோட பழைய அளவு நோட்டுல, யாரோ ஒருத்தியோட இடுப்பளவுக்குக் கீழ, கோழி கிறுக்கின எழுத்துல எழுதி வைப்பா.

முதல் வாரம் மாடிக்கு மாடி நின்னு நின்னு நாலரை நிமிஷம். அப்புறம் நாலே கால், நாலு, மூணரை. போன மாசம் ரெண்டு நிமிஷம் ஐம்பது செகண்ட். நீ போன்ல கைதட்டினே, அப்பா கலக்கறீங்கன்னே, நானும் தலைகால் புரியாம திரிஞ்சேன். ஆனா வெறும் மணல் மூட்டையைச் சுமந்து ஏறினா மட்டும் முதல் வாரத்துலேர்ந்து அதே மூணு நிமிஷம், ஒரு செகண்ட் குறையல. அது ஏன்னு நான் யோசிச்சிருக்கணும்ல? மணல் ஈரம் குடிச்சிருக்குன்னு மொட்டை மாடில பரப்பிக் காயவச்சேன், பழைய பேப்பர் கடைத் தராசுல போட்டுப் பார்த்தேன், கரெக்டா நாற்பது கிலோ காட்டுச்சு. தராசு சரியில்லன்னு அந்தக் கடைக்காரர்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தேன். இப்ப அவர் முகத்துல எப்படி முழிக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மருந்து அளவை மாத்தணும்னு இங்க அவளை நாற்காலித் தராசுல உட்கார வச்சாங்க. முப்பத்தெட்டு. வாதம் வர்றதுக்கு முன்னாடி ஐம்பத்திரண்டு இருந்தவ. பயிற்சி கொடுக்கற பொண்ணு என்னை ஓரமா கூப்பிட்டு, வீட்டுல சாப்பாடு கொடுக்கறீங்களா சார்னு கேட்டுச்சு. பாப்பா, அந்தக் கேள்வியை யாரும் என்கிட்ட கேட்டதில்ல. அப்பதான் கணக்கு புரிஞ்சுது. எனக்குப் பலம் கூடல, அவதான் குறைஞ்சிருக்கா. நான் வாரத்துக்கு மூணு தரம் முதுகுல தூக்கிட்டுப் போனேனே, பதினாலு கிலோ போனது முதுகுக்குத் தெரியலயே, முதுகு என்ன முதுகு. புடவைக்கு மேல சால்வை சுத்திக்கிட்டா, முகம் அந்தப் பக்கம் கோணினதுல கன்னம் ஒட்டினது தெரியல, இப்படி எல்லாம் சாக்கு சொல்லிப் பார்க்கறேன், ஒண்ணும் நிக்கல.

வீட்டுக்கு வந்து தேடினேன். ஊட்டி விட்டா வெக்கமா இருக்கு, கதவைச் சாத்திட்டுப் போங்க, நானே சாப்பிட்டுக்கறேன்னு அஞ்சாறு மாசமா சொல்லிட்டிருந்தா, நானும் நல்லதாப் போச்சுன்னு அந்த நேரத்துல கீழ போய் டயர் இழுப்பேன். தட்டு காலியாத்தான் இருக்கும். மிஷினுக்குப் பக்கத்துல வெட்டுத் துணி போடற பை தொங்குமே, அதுல துணிக்கு நடுவுல ரொட்டி, முட்டை, பழம், நான் தோல் உரிச்சுக் கொடுத்ததெல்லாம் அப்படியே. அந்தப் பையை ஒரு நாள் விடாம நான்தான் குப்பைக்குக் கொண்டுபோனேன். ஒரு கையில அது, இன்னொரு கையில தண்ணி கேன், அதையும் பயிற்சின்னு நினைச்சுக்கிட்டு.

ஏன்டி இப்படிப் பண்ணேன்னு கேட்டேன், கத்தினேன், அழுதுட்டேன். அவ ஒவ்வொரு வார்த்தையா பிடிச்சுப் பிடிச்சு சொன்னதைக் கூட்டிப் பார்த்தா இதுதான். ஆரம்பத்துல ஒரு நாள் ரெண்டாவது மாடில மூச்சு முட்டி நின்னப்ப, அங்க குடியிருக்கற கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார், அது இன்னும் அங்கயேதான் கிடக்கு. நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, பார்க்கத்தான் சார் ஆளு, தூக்கினா இரும்பு பீரோன்னு சொன்னேன். அவரும் சிரிச்சார், உங்கம்மாவும் என் கழுத்துக்குப் பின்னால சிரிச்சா. ஆனா என் நெஞ்சு அடிச்சது அவ நெஞ்சுல இடிச்சிருக்கு. நீங்க விழுந்துட்டா எனக்கு யாருன்னு நினைச்சாளாம். அன்னிக்கு சாயங்காலம் ஒரு ரொட்டியைக் குறைச்சிருக்கா, அடுத்த தரம் ஏறினப்ப நேரம் குறைஞ்சதை அவளே பார்த்திருக்கா, அதோட பிடிச்சுக்கிட்டா. நோட்டுல ஏறின என் ஒவ்வொரு வெற்றியும் அவளுக்குச் சாப்பிடாம இருக்கக் கிடைச்ச சம்பளம். என் நாக்கை அறுத்துப் போடலாம்.

இப்ப எனக்கு வழி தெரியல பாப்பா. வேகமா ஏறினா பட்டினி வேலை செய்யுதுன்னு நினைக்கறா, மெதுவா ஏறினா இன்னும் பாரமா இருக்கோம்னு நினைக்கறா. பக்கத்துலயே உட்கார்ந்து ஊட்டறேன், நாலு வாய் வாங்கிட்டு உதட்டைப் பூட்டிக்கறா. நேத்து ஒரு காரியம் பண்ணேன். நோட்டை எடுத்து வச்சு, முதல் நாள் எடை ஐம்பத்திரண்டு, பாதியில எடையைக் குறைச்சுட்டு ஏறினா அது ஏமாத்து, இத்தனை மாச நேரமும் செல்லாதுன்னு சொன்னேன். பென்சிலை வாங்கி, ரெண்டு ஐம்பதுலேர்ந்து மேல மேல ஒவ்வொண்ணா அவளே கோடு போட்டு அடிச்சா, நாலரைல வந்து நிறுத்தினா. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சு ரொட்டியை நீட்டினேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டா. நான் ஐம்பத்திரண்டைத் தூக்குவேன்னு அவளுக்கு நம்பிக்கை இல்ல.

எனக்கும் இல்ல, அதான் உண்மை. இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி மூட்டையில பன்னிரண்டு கிலோ கூடப் போட்டு, எங்கயும் நிக்காம ஏறிப் பார்த்தேன். ரெண்டாவது மாடி நாற்காலி வரைக்கும்தான் வந்துச்சு. அங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தேன், கண்ணாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்துட்டுச் சாத்திக்கிட்டார். கீழ் வீடு ஏதாவது காலியானா சொல்லுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், இதுவரைக்கும் ஒண்ணும் அமையல. அவளைச் சாப்பிடு சாப்பிடுன்னு கெஞ்சறேன், சாப்பிட்டு வந்தா தூக்க முடியுமான்னு எனக்கே தெரியாது, இந்தக் கேவலத்தை யார்கிட்ட சொல்றது, உன்கிட்டதான் சொல்ல முடியும்.

ரேஸ்ல என் பேரை அடிச்சுடு. வேற நல்ல ஜோடியாப் பார்த்துக்கோ, வருத்தப்படாதே. நீ எங்க இருந்தாலும் உன் கால் வலுவா இருக்கட்டும், உன் தட்டு நிறைஞ்சிருக்கட்டும், உன்னைத் தாங்கறவங்க உன் பக்கத்துல இருக்கட்டும், அப்பா அம்மா ஆசீர்வாதம் எப்பவும் உனக்கு உண்டு. பயிற்சி அட்டவணை மட்டும் புதுசா அனுப்பு, மூட்டைக்கு ஐம்பத்திரண்டு கிலோன்னு போட்டு, முடியற வரைக்கும் செய்யவும்னு எழுதாம எத்தனை தரம்னு எண் போட்டு அனுப்பு.

அப்புறம் ஒண்ணு மறக்காதே. ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது அப்பா எத்தனை நிமிஷத்துல ஏறினார்னு கேக்காதே. அம்மா எத்தனை கிலோன்னு கேளு. அவ என்ன எண் சொன்னாலும், ஐம்பத்திரண்டு வர்ற வரைக்கும், அவ சொல்ற மாதிரியே சத்தமா செல்லாதுன்னு சொல்லு. நான் சொன்னா நம்பல, நீ சொன்னா நம்புவா.

உள்ளேர்ந்து கூப்பிடறாங்க, பெல்ட்டை மாட்டணும்.

இப்படிக்கு,
உங்கம்மாவை இன்னும் தூக்கக் கத்துக்காத
உன் அப்பா