உங்கள் விசிலும் நோவாவின் பேழையும்

இன்று காலை என் செல்போன் திடீரென்று வீறிட்டது. பேரிடர் எச்சரிக்கையைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். அரிசி களைந்துகொண்டிருந்த நான் பயந்துபோய்ப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன். சிதறிய அரிசியை வாரும்போது சிரிப்பு வந்தது. நீங்கள் இருந்திருந்தால் அந்தச் சத்தத்துக்கு எங்களை வாசலில் வரிசையாக நிற்கவைத்துத் தலை எண்ணியிருப்பீர்கள்.

தொண்ணூற்றொன்றில் சுங்குவார்சத்திரம் பக்கம் ஏரிக்கரைக்குக் கீழே குடியிருந்தோம். கரையடியில் இரண்டே வீடு, நம்முடையதும் கோமதியுடையதும். மறைமலை நகரில் உங்கள் கம்பெனிக்காரர்கள் இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு விசிலையும் கொடுத்து அனுப்பினார்கள். அதைக் கொடுத்தவரை இன்றைக்குப் பார்த்தாலும் நாலு கேள்வி கேட்பேன்.

ஞாயிறு சாயங்காலம் குடும்ப ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு நோவா கதை சொல்வீர்கள். மழைக்கு முன்னாலேயே பேழை கட்டியவர் அவர் ஒருவர்தான் என்று முடித்த கையோடு விசில் ஊதுவீர்கள். வாசலில் கிடக்கும் கயிற்றுக் கட்டில்தான் பேழை. டேவிட் கையில் டார்ச், எஸ்தர் கையில் ரேஷன் கார்டும் சர்டிபிகேட்டும் கட்டிய பிளாஸ்டிக் பை, கடைக்குட்டி மேரியிடம் தண்ணீர் பாட்டில். கதையில் போலவே ஜோடி ஜோடியாகக் கைகோத்து ஏற வேண்டும் என்பது உங்கள் சட்டம். டேவிடும் எஸ்தரும் ஒரு ஜோடி, நாம் ஒரு ஜோடி.

"எனக்கு யாருப்பா ஜோடி?" என்று ஐந்து வயது மேரி கேட்டாள். நீங்கள் விசில் ஊதும் அவசரத்தில், "நீயே ஒண்ணு பாத்துக்க" என்றீர்கள். அடுத்த ஞாயிறு அவள் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். அது உங்கள் முழங்கையைக் கொத்தியது. அதற்கடுத்த வாரம் பூனை.

பாவம், கோமதியின் புருஷன் நைட் ஷிப்டுக்குப் போகுமுன் சாயங்காலம் ஒரு தூக்கம் போடுகிறவர். ஒவ்வொரு விசிலுக்கும் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். நாலாவது வாரம் கோமதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நம் ஏழு தலைமுறையையும் விசாரித்தாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நீங்கள் ஊதுவதை மட்டும் நிறுத்தவில்லை. அவர்கள் வீட்டில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள்.

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் மத்தியானம் ஏரியைப் பார்க்கப் போன நீங்கள் கரை கசிகிறது என்று விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தீர்கள். உங்கள் டிரில் அற்புதமாக வேலை செய்தது. டார்ச் வந்தது, பை வந்தது, கைகோத்து ஓடிப் பள்ளிக்கூட மேட்டில் ஏறினோம். அங்கே எண்ணினீர்கள். நாலு பேர். உங்களை விட்டுவிட்டு எண்ணியதாக நினைத்து மறுபடி எண்ணினீர்கள். அப்போதும் நாலுதான்.

மேரி நம்மோடு வருகிறாள் என்று பெரிய பிள்ளைகள் நினைத்தார்கள். அவர்களோடு போகிறாள் என்று நாம் நினைத்தோம். ஜோடிச் சட்டத்தில் தனி ஆளுக்கு இடமே இல்லாமல் போயிருந்தது. நீங்கள் தண்ணீரில் இறங்கி ஓடினீர்கள்.

தெருமுனையில் உங்கள் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும்போது அவர்கள் எதிரே வந்தார்கள் என்று பிறகு சொன்னீர்கள். கோமதியின் இடுப்பில் அவள் மகள் வள்ளி, அவள் புருஷன் தோளில் மேரி. அந்த உயரத்திலும் மேரி வள்ளியின் கையை விடவில்லை. நம் விசிலைக் கேட்டும் அவர்கள் அசையவில்லையாம், வழக்கமான கூத்து என்று. மேரி உள்ளே புகுந்து வள்ளியை இழுத்திருக்கிறாள். பிள்ளையைப் பிடுங்க வெளியே வந்த கோமதி வாசலில் தண்ணீரைப் பார்த்திருக்கிறாள்.

மேட்டில் நீங்கள் மேரியை அடிக்கக் கை ஓங்கினீர்கள். "நீதானப்பா சொன்ன, ஜோடி இல்லாம ஏறக்கூடாதுன்னு" என்றாள். ஓங்கிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள். கோமதி வீட்டுக்கு விசில் கேட்டிருக்கும், வந்துவிடுவார்கள் என்று நினைத்ததாகப் பிறகு நான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மை என்னவென்றால், அவர்களைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு வந்த ஞாயிறு கதையை மாற்றிச் சொன்னீர்கள். பேழையில் ஏறுமுன் நோவா பக்கத்து வீட்டுக் கதவையெல்லாம் தட்டினாராம். வேதத்தில் அப்படி இல்லையே என்றேன். "இல்லன்னா இன்னா, இருந்திருக்கணும்" என்றீர்கள். பிள்ளைகளோடு கோமதியும் வள்ளியும் உட்கார்ந்து கேட்டார்கள்.

உங்களை அடக்கம் செய்த அன்று எல்லோரும் பெட்டியின் பின்னால் நடக்க, நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோமதி வந்து என் கையைப் பிடித்தாள். "எழுந்து வா. தனியா போவக்கூடாதுன்னு அந்த மனுசன் சட்டம் போட்டுட்டுப் போயிருக்காரு" என்றாள். அழுகையோடு சிரித்துவிட்டேன். பாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மழை பிடித்துக்கொண்டால் யார் கதவை யார் முதலில் தட்டுவது என்று இப்போதும் எங்களுக்குள் போட்டி. பெரும்பாலும் அவள்தான் ஜெயிக்கிறாள். எனக்கு முட்டி வலி.