நான் வெட்டிய கடிகாரம்

அன்புத் தங்கச்சி கலாவுக்கு,

உன் அலுமாரியைப் போன மாதம்தான் திறந்தேன். மேல் தட்டில் சேலைகள். கீழ்த் தட்டு முழுக்க, கயிறு அவிழ்க்காத கட்டுகளாக உன் கணிதப் புத்தகம். ஒன்றை உருவி எடுத்து முதல் தடவையாகப் படித்தேன். அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவன் நான், எழுதும்போது படித்திருக்கவில்லை. உன்னிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா?

மடுல்கெல்லயிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு நீ கண்டியில் கணிதம் சொல்லிக்கொடுத்தாய். பல்கலைக்கழகம் போன பிறகு தமிழில் கைக்கொரு புத்தகம் இல்லாமல் அவர்கள் திணறியதைப் பார்த்து நீயே ஒன்று எழுதினாய். அதில் நீ சொன்னது, கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் விடை வெளியே போகாத எண்களின் உலகம். அதற்கு வளையம் என்று பெயர். பெருக்கும்போது வரிசையை மாற்றினாலும் விடை மாறாவிட்டால் பரிமாற்று வளையம். அந்தப் புத்தகத்துக்காக உன்னைப் பேட்டி கண்டேன், நம் மஹய்யாவ வீட்டுச் சாப்பாட்டு மேசையில். நீ சுவர்க் கடிகாரத்தைக் காட்டிச் சொன்னாய்:

"கடிகாரத்துல பன்னெண்டும் பூச்சியமும் ஒண்ணுதான், அண்ணே. முள்ளு மூணு மூணு மணித்தியாலமா நாலு தடவ நகந்தா பொறப்பட்ட எடத்துக்கே வந்துரும். அங்க மூணையும் நாலையும் பெருக்குனா பூச்சியம். ரெண்டுல எதுவுமே பூச்சியம் இல்ல, பாருங்க!"

சொல்லுக்குச் சொல் கொப்பியில் எழுதினேன். கட்டுரை நீண்டுவிட்டது. கடிகாரம் வரும் முதல் இரண்டு வாக்கியங்களை வெட்டினேன். மிச்சத்திலிருந்து, பக்கம் கட்டும் ஆசிரியர் டெஸ்க்கில் தலைப்பு எடுத்தார்கள்: 'மூன்றையும் நான்கையும் பெருக்கினால் பூச்சியம் என்கிறார் கண்டி ஆசிரியை.'

ஞாயிறு காலை நீ இரண்டு தடவை வாசித்தாய். "கடிகாரத்தக் காணோமே, அண்ணே" என்றாய்.

"தலைப்பு டெஸ்க் போட்டது" என்றேன். நீ கேட்டது தலைப்பை அல்ல.

அடுத்த கிழமை அக்குறணையில் ரஸீன் நானாவின் கடிகாரக் கடைக்குப் போனோம், உன் கைக்கடிகாரத்தைத் திருத்த. அவர் உன்னைக் கண்டதும் சத்தமாகச் சொன்னார்: "வாங்க டீச்சர்! மூணு நாள் தவணை சொல்லி நாலு தரம் இழுத்தடிச்சாலும், ஒங்கட கணக்குல நான் சுணங்கவே இல்லதானே?" கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய். சுற்றிலும் சுவர் நிறையக் கடிகாரங்கள். அவற்றில் ஒன்றை நான் கை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். நானும் சிரித்தேன்.

பெற்றோர் சிரிக்கவில்லை. "மூணு நாலு பன்னெண்டுன்னு தெரியாதவங்ககிட்டயா புள்ளைய அனுப்புறது?" என்று ஒரு தாய் உன் வகுப்பு வாசலிலேயே கேட்டாள். பிள்ளைகள் குறைந்தார்கள். உன் புத்தகத்தை விற்க எடுப்பதாகச் சொன்ன புத்தக நிலையம் கட்டுகளைத் திருப்பி அனுப்பியது. இரண்டாம் பாகம் எழுதுவதை நீ நிறுத்தினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்க யாருக்குத் துணிவு வரும்?

நீ கண்ணை மூடிய பிறகு வீட்டுச் சுவர்க் கடிகாரமும் நின்றுவிட்டது. அதை ரஸீன் நானாவிடம் கொண்டுபோனேன். மேசையில் வைத்துவிட்டு, நீ அன்று சொன்னதை முழுதாகச் சொன்னேன்.

கண்ணில் மாட்டியிருந்த வில்லையை அவர் கழற்றினார். "இதா சேர்? பன்னெண்டத் தாண்டினா திரும்ப ஒண்டுதானே! நான் நாளெல்லாம் பாக்கிறது இதத்தானே! பேப்பர்ல ஏன் போடல்ல?"

"இடம் இல்லை, நானா."

"ரெண்டு வரிக்கா?"

அவர் அந்தச் சுவர்க் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தபடி தனக்குள் சொல்லிக்கொண்டார்: "அந்த டீச்சர நான் எவ்வளவு நக்கலடிச்சன், அல்லாஹ்வே."

கலா, இத்தனை வருடமும் நான் உன்னுடைய மூன்றுக்கும் நான்குக்கும் பின்னால் ஒளிந்திருந்தேன், உன் புத்தகத்தைப் படிக்காமலே. என் வெட்டு மட்டும் உன்னைக் கெடுத்திருக்காது. அந்தத் தலைப்பு மட்டும், கீழே கடிகாரம் இருந்திருந்தால், கெடுத்திருக்காது. இரண்டில் எதுவும் பூச்சியம் இல்லை. பெருகியபோது நீ பூச்சியமானாய். யாரைக் குற்றம் சொல்வது?

உன் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் பிடிபட்டேன். சீர்மம் என்று ஒன்றை அங்கே சொல்கிறாய். வளையத்துக்குள் ஒரு கூட்டம். தமக்குள் கூட்டினாலும் கழித்தாலும் கூட்டத்தை விட்டுப் போகாது, வளையத்தின் எந்த எண்ணால் பெருக்கினாலும் விடை அதற்குள்ளேயே வந்து விழும். கடிகாரத்தில் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது அப்படி ஒரு கூட்டம். அதற்கு இன்னொரு குணமும் உண்டு, அதனால் அதைப் பகாச் சீர்மம் என்கிறாய்: ஒரு பெருக்கத்தின் விடை உள்ளே விழுந்தால், பெருக்கிய இரண்டில் ஒன்றாவது முதலிலிருந்தே உள்ளே இருந்திருக்கவேண்டும். மூன்றையும் நான்கையும் பெருக்கிப் பார் என்கிறாய். பார்த்தேன். விடையான பன்னிரண்டு உள்ளே விழுந்தது; நான்கு வெளியே, மூன்று முதலிலிருந்தே உள்ளேதான் இருந்தது.

அந்த மூன்று நான்தான். அந்த ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம், அச்சுக்குப் போகுமுன், பக்கம் சரிபார்க்க என் மேசைக்கு வந்தது. தலைப்பை வாசித்தேன். கடிகாரம் இல்லாமல் அதை ஊர் எப்படி வாசிக்கும் என்று எனக்குத் தெரிந்தது. ஆளை இழுக்கும் என்று நினைத்தேன். கட்டுரையின் அடியில் மிஞ்சிய இடத்தை அடைக்க ஒரு பூ வேலைப்பாடு போட்டிருந்தார்கள். உன் இரண்டு வாக்கியங்களும் அந்த இடத்தில் வசதியாக உட்கார்ந்திருக்கும். கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, உன்னோடு ஒரே மேசையில் சோறு சாப்பிட்டேன்.

சொன்ன தவணைக்கே ரஸீன் நானா கடிகாரத்தைத் திருத்தித் தந்தார். பழைய ஆணியில் மாட்டியிருக்கிறேன். கட்டுகளை அவிழ்த்துவிட்டேன், மடுல்கெல்லப் பிள்ளைகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். மூன்றும் நான்கும் எப்படிப் பூச்சியமாகும் என்று அங்கே யாராவது கேட்டால், முதலில் கடிகாரத்தைக் காட்டுவேன். அந்தத் தலைப்பு யார் செய்த வேலை என்று கேட்டால், இனி டெஸ்க் என்று சொல்லமாட்டேன்.

கடிகாரத்தை வெட்டிய,
உன் அண்ணன்