எனக்குத் தெரியாமல் நீ பார்த்த கடல்

என் ஒரே அண்ணன் ரவிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். செத்துப்போனவனிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. வேறொரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்காமல் இந்த வாரம் ஆபீசில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

போன சனிக்கிழமை நானும் அண்ணியும் கோகர்ணா போனோம். கெய்டு கூட வர, பாறைக்கரை ஓரமாகக் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகை ஓட்டிப் போய், ஒரு குடாவில் இறங்கி, கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்க்கிற பயணம். பெங்களூர் நீலசந்திராவில் நம் வீட்டில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு போனில் வீடியோவாகத் திரும்பத் திரும்பப் பார்ப்போமே, அதேதான். “போனா ரெண்டு பேரும் சேர்ந்துதான்டா. தனியா போறவன் துரோகி” என்று சொன்னது நீ. நான் இல்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராதபோது என்னை அரித்தது அது ஒன்றுதான். கடலுக்கு அடியில் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே போய்விட்டாயே! துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லி அழுதேன். அண்ணியிடமும் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணிக்கு வர இஷ்டமில்லை. “நீ மட்டும் போயிட்டு வாப்பா” என்றார். “அவன் ஆசைக்காக அண்ணி” என்று சொல்லி பஸ் டிக்கெட்டும் போட்டுவிட்டேன்.

கரையில் கெய்டு மஞ்சு எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தான். “மத்தே பந்த்ரா மேடம்? சார் எல்லி?”

மறுபடியும் வந்தீர்களா, சார் எங்கே. பெங்களூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தக் கன்னடத்தை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். ஆள் மாறிக் கேட்கிறான் என்று நினைத்து அண்ணியைப் பார்த்தேன். அவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவர் உட்காரும் கயாக். முன்னால் இருப்பவர் துடுப்புப் போடுகிற தாளத்துக்குப் பின்னால் இருப்பவர் போட வேண்டும். அண்ணி முன்னால், நான் பின்னால். அவர் முதுகைப் பார்த்துத்தான் கேட்டேன்.

“கிருஷ்ணகிரில உங்கம்மா வீட்டுக்குப் போறோம்னு சொன்னானே, அப்பவா?”

“ஆமாம்பா.”

“ஏன் எங்கிட்ட மறைச்சான்?”

“கோவப்படாம கேப்பியா?”

“கோவப்பட மாட்டேன். சொல்லுங்க.”

“நீ வந்தா எந்த மாஸ்க்கு, எப்படி மூச்சு விடணும், எல்லாம் நீதான் சொல்லுவியாம். ‘ஒரே ஒரு நாள் அவன் இல்லாம தப்புத் தப்பா ஏதாவது செஞ்சு பாக்கறேன்’னார்.”

“நான் என்ன அவனுக்கு மேனேஜரா?”

“துடுப்பத் தாழ்த்திப் பிடிங்க அண்ணின்னு இதுவரைக்கும் எத்தன தடவ சொல்லிட்ட?”

பக்கத்தில் தனிக் கயாக்கில் வந்த மஞ்சுவுக்குத் தமிழும் தெரியும் போல, சிரித்துவிட்டான். “சார், இங்க கெய்டு யாரு? நீங்களா, நானா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நான் அவ்ளோ அழுதேனே அண்ணி. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிப்பா சொல்றது? அவர் நல்லா பாத்துட்டுத்தான் போனார்னு சொன்னா, உன்ன விட்டுட்டுப் பாத்தார்னும் சொல்லணும்ல?” துடுப்பை அவர் நிறுத்தவே இல்லை.

குடாவில் இறங்கி முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். கோபத்தில் மூக்கால் மூச்சு விட்டதில் மாஸ்க் முழுக்க ஆவி. செய்யக்கூடாது என்று எனக்கு நன்றாகவே தெரிந்த தப்பு. “உள்ள துப்பித் தேய்ங்க சார்” என்றான் மஞ்சு. “உங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆச்சு. அவர் விழுந்து விழுந்து சிரிச்சார்.”

துப்பித் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தேன். பாறை இடுக்கில் கோடு போட்ட சின்ன மீன்கள். அலை தள்ளும்போது எல்லாமே ஒன்றாக ஒரு பக்கம் சாய்ந்து, ஒன்றாகத் திரும்பி வந்தன. என்னை மீறி உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தேன். உப்புத் தண்ணீர்தான் உள்ளே போனது.

நீ எதைப் பார்த்தாய்? நான் இல்லாத அந்த நாள் உனக்கு அவ்வளவு நன்றாகவா இருந்தது? மூக்குத் தோல் உரிந்து வந்தாயே, கிருஷ்ணகிரி வெயில் என்றாயே, தடவிக்கொள்ள கற்றாழை ஜெல் வாங்கி வந்தவன் நான்தானே? வாங்கிக்கொண்டபோது உன் மனசை ஒன்றும் செய்யவில்லையா? நான் தொல்லையென்றால் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். நான் உன்னிடம் எதையும் சுற்றி வளைத்துப் பேசியதே இல்லையே.

அண்ணி மேல் கோபம் இல்லை. உன் பொய்யை நீ போன பிறகும் அவர் தனியாகச் சுமந்தார். அந்தக் கோபமும் உன் மேல்தான்.

இனி நீ கடலைப் பார்க்காமல் போனாய் என்று யாரிடமும் அழ மாட்டேன். மறுபடி போவேன். உன் ஆசைக்காக இல்லை, என் ஆசைக்காக. அந்தத் தடவை என்ன பார்த்தேன் என்று உனக்கு எழுத மாட்டேன். சத்தியம்.

இன்னும் உன் தம்பிதான்,
சதீஷ்