‘அப்பாக்களுக்கு’ என்று இனி எழுதாதே

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே யாவரும் நலம், உன் நலமும் மாப்பிள்ளை நலமும் பாப்பா நலமும் தெரிய வேண்டும் என்று ஆரம்பிக்கச் சொன்னேன். எழுதுகிற அம்மா பேனாவை எடுத்துவிட்டு, கன்னம் பூசணிக்காய் மாதிரி இருக்கு, இதுல நலம்னு நான் பொய் எழுத மாட்டேன் பெரியவரே என்கிறாள். இவள் பல் ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கிறவள். அதனால் பாதி நலம் என்று வைத்துக்கொள், வலது பாதி. எப்போதும் உன் மாமனார்தானே எழுதுவார், எழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. அவருக்கு ஒன்றுமில்லை, வெளியே பெஞ்சில் என் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி அவர் கையாலேயே எப்படி எழுதச் சொல்வது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

உன் மேல் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆன புதிதில் அவரை நீ மாமா என்றுதான் கூப்பிட்டாய். பாப்பா பிறப்பதற்கு முந்தின மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் உனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார், நீ தேங்க்ஸ்ப்பா என்றாய். அன்றைக்கு நீ கட்டியிருந்தது பச்சைச் சேலை. எனக்கு எழுத்தும் தெரியாது, மறக்கவும் தெரியாது. அன்றிலிருந்து அவரும் அப்பா, நானும் அப்பா. நீ வெளியூர் போன பிறகு, அடுத்தடுத்த வீடுதானே என்று ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கடிதமாகப் போட ஆரம்பித்தாய், அதிலும் முதல் வரியே அன்புள்ள அப்பாக்களுக்கு. அதென்னம்மா அப்பாக்கள், ஆடுகள் மாடுகள் என்கிற மாதிரி. அவர் கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, ரேடியோவில் செய்தி சொல்கிறவர் போல வாசிப்பார். என் மகள் பேசுவது அவர் வாய் வழியாகத்தான் என் காதுக்கு வர வேண்டுமா என்று எனக்கு வயிறு எரியும். போன வருஷம் அவருக்குப் பல்வலி வந்தபோது நீ விசாரித்த விசாரிப்பென்ன, வாரத்துக்கு ஒரு கடிதமென்ன! பல்லின் வேர் வரைக்கும் சுத்தம் செய்து, அடைத்து, மேலே மூடி போட்டார்கள். அந்த மூடியைப் பால்காரருக்குக்கூட வாயைப் பிளந்து காட்டினார். எனக்கும் அப்போதே ஒரு பல் வலித்தது, கீழே இடது கடைவாய். நான் மூச்சு விடவில்லை. அவருக்கு நீயாகக் கேட்டாய், எனக்கு நானாகச் சொல்லிக் கேட்க வைப்பதா என்று ஒரு வீம்பு.

இந்த வருஷம் உன் கடிதத்தில் மறுபடியும் பல் வந்தது. அப்பா, பல்லைத் தள்ளிப் போடாதீங்க, டாக்டரைப் பாருங்க என்று அவர் வாசித்துவிட்டு, இது உங்களுக்குத்தான் சம்பந்தி என்றார். தன் தட்டில் மீந்ததை என் தட்டுக்குத் தள்ளுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. நான் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். அடுத்தடுத்து நீ போட்ட மூன்று கடிதத்திலும் பல் என்ற சொல் வந்ததும் நான் வாசலைத் தாண்டிவிட்டேன். கிராம்பைக் கடித்தேன், வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்பினேன், ஈறு வெந்துபோனதுதான் மிச்சம். பிறகு ஒரு காலையில் எழுந்தால் வலியே இல்லை. நேரே அவர் வீட்டுக்குப் போய், மூடியும் வேண்டாம் டாக்டரும் வேண்டாம், என் பல்லு தானா அடங்கிடுச்சு பாருங்க என்றேன். அப்படியெல்லாம் அடங்காது சம்பந்தி, கிளம்புங்க போலாம் என்றார். பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்தேன், மகளே. நான் நினைத்தேன், அவருக்குப் பொறாமை என்று! பத்தாம் நாள் தாடைக்குக் கீழே கல் மாதிரி வீங்கியது. வெந்நீர் ஒத்தடம் வேறு கொடுத்தேன், இன்னும் பெருத்தது. காய்ச்சல், வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை, எச்சிலை விழுங்க முடியவில்லை. அவர்தான் என்னை அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார், அவ்வளவு அவசரம்.

டாக்டர் அம்மா சின்ன வயதுதான், ஆனால் அதட்டல் பெரிது. வலி நின்னது குணமாகி இல்ல தாத்தா, உள்ளே நரம்பு செத்துப் போச்சு, சீழ் அது பாட்டுக்கு வேர் நுனியில ஊறிக்கிட்டே இருந்திருக்கு, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கழுத்துல இறங்கி மூச்சையே அடைச்சிருக்கும் என்றாள். நாற்பது வருஷம் கட்டடங்களுக்குக் குழாய் போட்டவன் நான். சொட்டுற சத்தம் நின்னா கசிவு நின்னுதுன்னு அர்த்தமில்ல, சுவருக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம் என்று எத்தனை வீட்டுக்காரர்களை அதட்டியிருக்கிறேன், என் வாய்க்குள் அது எனக்குத் தெரியவில்லை. ஊசி போட்டுச் சீழை வடித்து, பல்லையும் பிடுங்கிவிட்டார்கள். வலிக்க ஆரம்பித்தபோதே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். அவர் கடைவாயில் மூடி மின்னுகிறது, என் கடைவாயில் பள்ளம். அதிலும் அவர்தான் ஜெயித்தார். ரெண்டாம் நாளே வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் மாத்திரை போதும் என்றேன். இந்தச் சீட்டு அம்மா பிடித்துக்கொண்டாள், கொடுத்ததை முழுசாப் போட்டு முடிக்கணும், பாதியில நிறுத்தினா திரும்ப வந்து உட்காருவீங்க என்று. வேளா வேளைக்கு அவர்தான் கொண்டுவந்து, நான் விழுங்குகிற வரைக்கும் நின்று பார்க்கிறார்.

இன்றைக்குப் புண்ணில் வைத்த துணியை மாற்ற வந்த இடத்தில், உன் மூன்று கடிதங்களையும் பையிலிருந்து எடுத்து இவளிடம் கொடுத்து, இவர் எழுந்து போன இடத்துலேருந்து படிச்சுக் காட்டுங்கம்மா என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். இவள் படித்தாள். எனக்கு ஏழு வயசுல சோடா மூடியைக் கடிச்சுத் திறந்து காட்டினீங்களேப்பா, அன்னைக்கு விரிசல் விட்ட பல்லுதானே அது, நீங்க ஒரு பக்கமாவே மெல்லுறீங்கன்னு இன்னொரு அப்பா தனியா எழுதியிருந்தார், எனக்குப் பயமா இருக்கு என்று. மூன்றிலும் அதே பல், என் பல். சோடா மூடி கடித்தவன் நான் ஒருத்தன்தானே. அவர் எனக்குத் தெரியாமல் உனக்குத் தனிக்கடிதம் போடுகிறார் என்றதும் முதலில் எரிச்சல்தான் வந்தது, மறைக்கவில்லை. அப்புறம்தான் அழுகை வந்தது, வாயைத் திறக்காமல் அழுதேன், திறந்தால் தையல் இழுக்கிறது.

பாப்பாவுக்கு ராத்திரி பல் விளக்காமல் தூங்க விடாதே, சர்க்கரைப் பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவும் விடாதே, பல்லில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலே காட்டிவிடு. பால் பல்தானே, விழத்தானே போகிறது என்பார்கள், கேட்காதே. மாப்பிள்ளையையும் வலி வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று சொல். எல்லோரும் பல்லும் சொல்லுமாக நூறு வருஷம் இருங்கள்.

அவரை அப்பா என்றே கூப்பிடு, மாற்றினால் முகம் வாடிவிடும். எனக்கு வேறு ஒன்று வேண்டும், அவர் பங்குக்கு வராதது. உனக்குக் கீழே ரெண்டே பல் முளைத்திருந்தபோது, அப்பா என்று வராமல், ப்பூ, ப்பூ என்று என்னைத் தேடித் தவழ்ந்து வருவாய். இந்த அம்மா அதைச் சீட்டின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் காட்டினாள், ஒன்றுக்குத் தலையில் புள்ளி, இன்னொன்றுக்கு வளைத்த குழாய் மாதிரி வால். இனி எனக்கு எழுதுகிற இடத்தில் அதைப் போடு. அவர் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பேன், அது இருந்தால் எழுந்து போக மாட்டேன். எப்போதும் வைக்கிற கைரேகை இந்தத் தடவை இல்லை. கீழே கோணலாக இருப்பது நானே எழுதியது.

ப்பூ