சுவர் பக்கம் திரும்பிய படம்

செவ்வாய், காலை

அன்புள்ள வாலு,

சித்தி எழுதுகிறேன். இங்கே நானும் உன் சித்தப்பாவும் சுகம். மாப்பிள்ளைக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் முதுகு என்ன செய்யும், பாவம். மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல், அப்போதுதான் கேட்பார்.

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வேலை தலைக்குமேல் இருக்கிறது. ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்குப் புதுப் படங்கள் கேட்டிருக்கிறார்கள். தவளை, வேர், இலையின் குறுக்குவெட்டு, மறுபடியும் அதே இரைப்பை. உன் அம்மா போட்ட இரைப்பைக்கு என்ன குறைச்சல், அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதிப்பகத்து மேலாளரிடம் சொன்னேன். "இல்லம்மா, இப்போ எல்லாம் கலர்ல இருந்தாத்தான் எடுபடும்" என்கிறார். இருபத்திரண்டு வருஷமாக எத்தனை பிள்ளைகள் அதைப் பார்த்துப் பரீட்சை எழுதியிருப்பார்கள்! ஒருவருக்காவது வரைந்தவள் யாரென்று தெரியுமா என்று நான் பொருமினால் உன் அம்மா சிரிப்பாள். "ஊருக்கெல்லாம் என் வயிறு தெரியும், மூஞ்சி வேற தெரியணுமாடி" என்பாள்.

அம்மா உன்னை வரைந்த படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். பார்க்கிறேன். நாங்கள் படம் வரையும் அறையில் எல்லாம் கலைந்து கிடக்கிறது, எங்கே வைத்தாள் என்று தேட வேண்டும். கீழே கடையில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவருக்கும் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. அவர் தேறி வந்தால்தான் பெட்டி கட்டித் தர முடியும். அதனால் தாமதமாகும். நீ அதையே நினைத்துக்கொண்டு

வெள்ளி

மேலே எழுதியதில் இரைப்பை வரைக்கும் உண்மை. அதற்குப் பிறகு உள்ளது அத்தனையும் பொய். சட்டக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். உன் படம் எங்கே இருக்கிறது என்றும் எனக்கு நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை எழுதிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா தேநீர் கொண்டுவந்தார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்குப் பொய் எழுத வராது, எழுத்தெல்லாம் கோணுது பார்" என்றார். எனக்குக் கோபம் வந்து அவரைக் கன்னாபின்னாவென்று பேசிவிட்டேன். அந்த ஆர்ப்பாட்டத்தில் கொட்டியதுதான் ஓரத்தில் இருக்கும் கறை. வேறு தாளில் எழுதலாம்தான். ஆனால் முதலில் உன்னிடம் பொய் சொல்லப் பார்த்தேன் என்பதும் உனக்குத் தெரியட்டும் என்று இதிலேயே தொடர்கிறேன்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் அழுதுவிடுவேன். நீ மனசு கேட்காமல் "பரவாயில்ல சித்தி" என்று சொல்லிவிடுவாய். அப்படி ஓசியில் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. நீ சின்னப் பிள்ளையாக அங்கே ஓடியாடியபோது கவனித்திருக்க மாட்டாய். வயிற்றுப் பாட்டுக்குப் பாடப்புத்தகப் படம், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சொந்தப் படம். படம் வரைகிற துணி எப்போதும் பற்றாக்குறை. அதனால், வரைந்த படம் பிடிக்கவில்லை என்றால் அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட வேண்டும். திருப்பியது யாராக இருந்தாலும், மற்றவள் எடுத்து வெள்ளையடித்து அதன்மேல் தன் படத்தைப் போடலாம். ஏன் திருப்பினாய் என்று கேட்கக் கூடாது. வெள்ளையடிக்கும்போது உற்றுப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கை வராது. இதுதான் சட்டம். என் படங்களின்மேல் அவள் வரைந்தது பத்து இருக்கும். அவள் படங்களின்மேல் நான் வரைந்தது அதைவிட அதிகம், ஏனென்றால் அவளுக்கு எதுவுமே லேசில் பிடிக்காது. நெட்டையும் குட்டையும் ஒருவர் தலையில் ஒருவர் ஏறி உட்கார்ந்து பிழைக்கிறார்கள் என்று சட்டக்காரர் கேலி செய்வார்.

அவள் போன பிறகு ஏழு மாதம் நான் ஒரு கோடு போடவில்லை. பாடப்புத்தக வேலை வேறு, அது கை செய்துவிடும். சொந்தப் படம் என்று உட்கார்ந்தால் கை மரத்துப்போகும். தினமும் ஒன்பது மணிக்குப் போவேன், ரேடியோவைப் போடுவேன், தூரிகைகளைக் கழுவுவேன். கழுவியதையே கழுவுவேன். இனி அவ்வளவுதான், கடையைக் கட்டு என்று முடிவே செய்துவிட்டேன். அறையைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமான்களைக் கட்டத்தான் போனேன். அவளுடைய ஸ்டூலை நகர்த்தும்போது ஏதோ தட்டுப்பட்டது. அவளுடைய மூக்குக்கண்ணாடி. கடைசி நாட்களில் நாங்கள் தேடித் தேடி அலுத்துப்போன அதே கண்ணாடி! உனக்கே தெரியும், தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அறை முழுக்கத் தேடுவாள். தூரிகையை வாயில் குறுக்கே கடித்துக்கொண்டு, "என் கண்ணாடியப் பார்த்தியாடி" என்று குழறுவாள். எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது. அந்த முகம் அப்படியே எதிரில் நின்றது. எனக்கு முகம் வரையவே வராது, நான் போடும் முகமெல்லாம் உருளைக்கிழங்கு என்பாள். ஆனால் அன்றைக்கு வரையாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது. புதுத் துணி இல்லை. மூலையில் அவளுடைய படம் ஒன்று சுவர் பக்கம் திரும்பியிருந்தது.

எடுத்தேன். மஞ்சள் நாற்காலியில் நீல உடையில் ஒரு பெண். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மண் நிறம். சரியாக வராமல் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். எங்கள் சட்டப்படி உற்றுப் பார்க்கவில்லை. வெள்ளையை அள்ளி, ஐந்து நிமிஷத்தில் பூசி மறைத்துவிட்டேன். காயும்வரைகூடப் பொறுக்காமல் அந்த ஈரத்தின்மேலேயே அவளை வரைய ஆரம்பித்தேன்.

நான்கு ஞாயிறு வரைந்தேன். வாலு, நான் என்னைப் பற்றிப் பெருமை பேசுகிறவள் இல்லை. ஆனால் இந்த ஒரு முகம் வந்துவிட்டது. ரேடியோ சத்தம் கேட்டுச் சட்டக்காரர் மேலே வந்தார். படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். அப்புறம், "கண்ணாடி தலையிலதாம்மா இருக்குன்னு சொல்லத் தோணுது" என்று சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். வீட்டுக்காரரிடம் ஓடிப் போய் அறையைக் காலி செய்யவில்லை என்று சொன்னேன்.

அடுத்த நாள் உன் கடிதம் வந்தது.

'அம்மா போனில் சொன்னாள் சித்தி, மஞ்சள் நாற்காலியில் நீல உடையில் என்னை வரைந்திருக்கிறாளாம். எல்லாம் முடிந்துவிட்டது, முகம் மட்டும்தான் பாக்கி, ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போ என்றாள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். முகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதை எனக்கு அனுப்பிவிடுங்கள்' என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஏன் அதைச் சுவர் பக்கம் திருப்பினாள் என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். பிடிக்காமல் திருப்பவில்லை. முகம் இல்லாத மகளை எதிரில் வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்து தவளை வரைவாள்? நீ வரும்போது திருப்பிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பாள். போட்டோவைப் பார்த்து முடித்திருக்கலாம்தான். போட்டோவில் இருக்கிறவர்கள் போட்டோவுக்காக இருக்கிறவர்கள், அந்த முகம் எனக்கு வேண்டாம் என்பாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். யாரைக் குறை சொல்ல?

கீழே இருக்கும் அவள் படம் காய்ந்து இறுகிவிட்டது. எண்ணெய் வண்ணம் இறுக மாதக்கணக்காகும், அதனால் மேலே நான் பூசியதும் வரைந்ததும் இன்னும் ஈரம். டர்பன்டைனைத் துணியில் நனைத்து மெதுவாகத் துடைத்தால் என்னுடையது மட்டும் போகும். இடதுபக்க அடி மூலையில், உள்ளங்கை அளவு துடைத்துப் பார்த்தேன். முதலில் நாற்காலிக் கால் வந்தது. அப்புறம் இரண்டு பாதங்கள் வந்தன. இடது பாதம் வலது பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

வீட்டுப் பாடம் எழுதும்போது அப்படித்தானே உட்காருவாய்? காலை ஒழுங்காக வை, விழப்போகிறாய் என்று எத்தனை தடவை உன்னைத் திட்டியிருக்கிறேன்! ஐந்து வருஷம் உன்னை நேரில் பார்க்காமல் அந்தக் கால் அவளுக்கு அப்படியே ஞாபகம் இருந்திருக்கிறது. அந்த மூலையை மட்டும் அன்றைக்கு ஒழுங்காகப் பார்த்திருந்தால் யாரென்று எனக்குத் தெரிந்திருக்கும். பார்க்காமல் விட்ட பாவி நான். தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

இதற்கு மேலே துடைத்தால் நான் வரைந்த உன் அம்மாவின் கை போகும், பிறகு தாடை, பிறகு முகம். அங்கே நிறுத்திவிட்டேன். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு துடைத்துவிடேன் என்கிறார் சித்தப்பா. நல்ல மனுஷர்தான், ஆனால் முப்பது வருஷமாக ஓவியக்காரியோடு குடும்பம் நடத்தி அவர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

இன்னும் மூன்று வாரம், மிஞ்சிப் போனால் ஒரு மாதம், மேலே இருப்பது ஈரமாக இருக்கும். அதற்குப் பிறகு இறுகிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் பிரிக்க முடியாது. நீ வேண்டும் என்று சொன்னால் துடைத்துவிடுவேன். இதை நல்ல பேர் வாங்குவதற்காகச் சொல்லவில்லை. அது உன் அம்மா உனக்காக வரைந்தது, உன் சொத்து. எனக்கு எது பிடிக்கும் என்று மட்டும் கேட்காதே. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். துடைத்தால் அந்த முகம் எனக்கு இன்னொரு தடவை வருமா, தெரியாது. வராவிட்டாலும் அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்குப் போய் உட்காருவேன். உருளைக்கிழங்காக வந்தாலும் வரைவேன். அந்த அளவுக்கு என்னைத் தூக்கி நிறுத்திவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பாதிப் பொய்யாகிவிடும். அவள் கூப்பிட்டு நீ வரவில்லை என்று உன் கடிதத்தில் படித்தபோது, உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு மணி நேரம், அதற்குக்கூடவா வழியில்லை என்று. இறந்த செய்தி கேட்டு ஓடிவந்து ஒன்பது நாள் இருந்தாயே, அந்த அறைப் படிக்கட்டில்கூட நீ கால் வைக்கவில்லை. ஏன் என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. படம் அங்கே இருக்கும், முகமில்லாமல் இருக்கும், அதைப் பார்க்க உனக்குத் தைரியம் இல்லை. சரிதானே? நீ வராமல் இருந்துவிட்டாய், நான் பார்க்காமல் பூசிவிட்டேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அதனால் தபாலில் முடிவு சொல்லாதே. போனிலும் சொல்லாதே. இந்த ஒரு மாதத்துக்குள் எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு வா. வந்து மேலே இருக்கும் அவள் முகம், மூலையில் தெரியும் உன் கால், இரண்டையும் பார்த்துவிட்டு, எது வேண்டும் என்று என் முகத்துக்கு நேராகச் சொல். நீ சொன்னபடி செய்கிறேன். திட்ட வேண்டும் என்றால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

துடைக்கத்தான் வேண்டும் என்று சொன்னாயானால், அந்த மண் நிற இடத்தை அப்படியே விட்டு அனுப்ப எனக்கு மனசு வராது. உன் முகத்தை நான் போடட்டுமா? உன் அம்மா, அந்த நெட்டை, போடும் அளவுக்கு வராது. ஆனால் ஒரு முகம் வரைந்து பழகியிருக்கிறேன்.

மாப்பிள்ளையையும் உன்னையும் கடவுள் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும், அவள் பங்குக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். படத்தை அறையைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். அவள் படத்தில் போட்ட அதே மஞ்சள் நாற்காலி இங்கேதான் இருக்கிறது, அதைத் துடைத்து ஜன்னலோரம் போட்டாயிற்று. காலை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஒன்றும் சொல்லமாட்டேன். வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் குட்டைச் சித்தி